‘வடுவூர் தாண்டியாச்சு’ என்ற செய்திக்குப் பிறகு

என் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து ஊர் வந்த நாளிலேயே நான் அவரை இழக்க இருந்தேன். அல்லாஹ் காப்பாற்றினான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், சகோதரிகளே.

கூத்தாநல்லூரில் எங்கள் தெருவில் பாதி ஆண்கள் வெளிநாட்டில்தான். யாராவது லீவில் வந்தால் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் போகும். கார் வாசலுக்கு வந்து சேரும்வரை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கேள்வி: ‘எங்கே வர்றீங்க?’ மாமியார், நாத்தனார், சின்னம்மா என்று எல்லோரும் கேட்பார்கள். பதில் வராவிட்டால் கோபம் வேறு. வந்து இறங்கியவரிடம் ஊர் சிம் இருக்காது. அதனால் கார் ஓட்டுகிறவர்தான் பதில் போட வேண்டும்!

மூன்று வருடங்களுக்கு முன் என் கணவர் சாதிக் வந்தபோது அவருடைய தம்பி ரியாஸ்தான் அழைத்துவரப் போனார். அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் ஆஃப்ரினுக்கு நாலு வயது. அத்தாவைப் போனில் மட்டுமே பார்த்து வளர்ந்தவள். “அம்மா, அத்தாவுக்குக் கால் இருக்கா?” என்று கேட்டாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மாமியார் முன்னால் எதையும் கேட்க எனக்குக் கூச்சம். குரூப்பில் வரும் ஊர்ப்பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர் வந்தது. அப்புறம் ‘வடுவூர் தாண்டியாச்சு.’ அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

பிரியாணி ஆறிப்போனது. கடைசியில் முன்பின் தெரியாத ஒரு பெண் போனில் பேசினாள்.

“அக்கா, காரு வாய்க்கால்ல கவுந்துடுச்சு. ரெண்டு பேரையும் தூக்கிட்டோம். ஒருத்தருக்கு நெனவு இல்ல. பதறாம வாங்கக்கா.”

தொழுகை விரிப்பைக்கூடத் தேடவில்லை. வெறும் தரையில் நெற்றி வைத்து ஸஜ்தாவில் விழுந்தேன். “யா அல்லாஹ், எனக்கு அவர் உயிரோடு வந்தால் போதும். இந்தப் பிள்ளை ஒரு தடவையாவது அவர் மடியில் உட்கார வேண்டும்.” ஆஸ்பத்திரி போகும்வரை அதையேதான் சொன்னேன்.

அந்த வாய்க்காலை ஒட்டிய வயலில் அன்று நடவு. அந்தப் பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து, கார்க் கண்ணாடியை உடைத்து இழுத்திருக்கிறார்கள். மற்ற நாளில் அங்கே ஈ காக்கை இருக்காது. இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“ஒரு வரிதான் அடிச்சேன். நிமிந்து பாத்தா ரோட்டையே காணோம்” என்று ரியாஸ் தேம்பினார். சாதிக் கண் திறக்கச் சில நாள் ஆனது. “மச்சான்” என்று கூப்பிட்டேன். “பிள்ளை எங்கே?” என்றார். அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் வீட்டுக் கார் கிளம்பினால் ஓட்டுகிறவரின் போன் டிக்கியில் கிடக்கும். குரூப்பில் ஒருவரும் மூச்சு விடுவதில்லை. பதில் தெரியாமல் காத்திருப்பது எனக்கும் சுலபமில்லை. ஆனால் வழியில் வருபவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவரை அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டு துஆ செய்யுங்கள்.

இந்த வருடம் சாதிக் மறுபடி வந்தார். வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டபோது நான் ஸஜ்தாவில் இருந்தேன். இரண்டு வருட ஏக்கம் ஓடு ஓடு என்றது. எழவில்லை. நிதானமாகத் தொழுகையை முடித்துத் திரும்பினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் காட்டாமல் நிலைப்படியில் எனக்காகக் காத்திருந்தார்.