உடப்புக் கரையில் கேட்ட தாளம்

சிலாபத்தில் ஏறிய பஸ்ஸில் நான் கேள்விப்பட்டேயிராத ஒரு ரொக் குழுவின் பாட்டு ஒலிக்கிறது. பாடகர் உடப்புக்காரர் என்று கண்டக்டர் சொன்னதும் வழியில் வரும் அந்த மீனவ ஊரிலேயே இறங்கிவிடுகிறேன்.

கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள் அம்பாப் பாட்டுப் பாடுகிறார்கள். பஸ்ஸில் கேட்ட அதே தாளம். அவர்களிடம் அதைச் சொல்கிறேன்.

"ஓம், அண்ணன் இதைத்தான் கிட்டார்ல வாசிச்சார்," என்கிறார் கயிற்றைப் பிடித்திருக்கும் ஒருவர், அந்தப் பாடகரின் தம்பி. "நாட்டில சண்டை முடிஞ்ச கையோட இத்தாலிக்குப் போயிட்டார். குழுவும் கலைஞ்சிட்டு."

மணலில் கிடக்கும் அவருடைய சட்டைக்குள் போன் அடிக்கிறது. கயிற்றை விடமுடியாமல் என்னை எடுக்கச் சொல்கிறார். அண்ணன்தான். உங்கள் பாட்டைக் கேட்டுத்தான் வந்தேன் என்கிறேன்.

"என்ட பாட்டை விடுங்க," என்கிறார் அண்ணன். "போனை அங்க பாடுறவங்களுக்குக் கிட்டப் பிடிங்க. வலை கரைக்கு வாற வரைக்கும் கேக்கணும்."