வீட்டுக்குப் பாடு போட்டோம்

எங்கள் வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டுவதாகத்தான் இருந்தது. கோட்டைக்குப்பத்தில் இத்தனை பழைய வீடு வேறு எங்கும் இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு வியாபாரி கட்டி, விற்றுவிட்டுப் போனது. முழம் அகலத்துக்குச் சுண்ணாம்புச் சுவர், பனங்கைச் சட்டத்தின் மேல் நாட்டு ஓடு. போன வருஷம் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கேமராவோடு வந்து சுவரைத் தடவித் தடவிப் பார்த்து, "இது ஹெரிடேஜ் ஐயா, இடிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடு ஒழுகுகிறது என்று சொன்னால்கூட, "எரிடேஜ்னா அப்படித்தாமே இருக்கும்" என்பார்.

சரி, நாமே பழுது பார்ப்போம் என்று முடிவானது. நைனா, அண்ணன், தம்பி, நான். அம்மா காலமாகிவிட்டாள். நான் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து ஆறு வருஷம் ஆகிறது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் நடையில்தான் படுக்கை. யார் தண்ணீர் குடிக்கப் போனாலும் என் காலைத் தாண்டித்தான் போவார்கள். வலை போட்டு வைத்திருந்த பின்னறை காலியானால் அது எனக்குக் கிடைக்கும் என்று ஆசைப்பட்டேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் நடையிலும் நிம்மதியாகப் படுக்க முடியாது.

நாங்கள் மீன் பிடிக்கிற ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கித்தான் முறை வைப்போம். அதற்குப் பாடு என்று பெயர். அடுத்தவன் பாட்டுக்குள் இறா துள்ளினாலும் கை வைக்கக்கூடாது. வைத்தால் ஊரைக் கூட்டித் தெண்டம் போடுவார்கள். பாடு ஆம்பளைகளுக்கு மட்டும்தான்.

நைனா வீட்டுக்கும் பாடு போட்டார். முன்கூடம், நடு அறை, பின்னறை. சீட்டில் யாருக்கு எது வருகிறதோ அதன் சுவரும் கூரையும் அவர் பொறுப்பு, வேலை முடிந்தால் அறையும் அவருக்கே. மூன்று சீட்டு எழுதினார். நான் சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன், குலுக்குவதற்கு! நைனாவுக்கு முன்கூடம், அண்ணனுக்கு நடு அறை, தம்பிக்குப் பின்னறை. நைனா அவரவர் பெயரை அந்தந்தச் சீட்டிலேயே எழுதிவைத்தார். சட்டப்படி மகளுக்கும் பங்கு உண்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போய் வாங்கிய அறையில் தூக்கம் வருமா?

பாடுதான் இல்லையே தவிர, வேலைக்குக் குறைவில்லை. பூச்சுக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டேன். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைத்துக் குழைத்து உள்ளங்கை வெந்துபோனது. மூன்று பேருக்கும் நேரத்துக்குச் சோறு, டீ. நடுநடுவே பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன்.

தம்பி காட்டுப்பள்ளிப் பக்கம் ஷிப்டு வேலைக்குப் போகிறவன். ஒருநாள் பின்னறை ஓடுகளை மொத்தமாகப் பிரித்து அடுக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். மத்தியானம் வானம் கறுத்தது. அவன் பூசிய சுவர் இன்னும் ஈரமாகவே இருந்தது. அதற்கு இந்தப்பக்கம் அண்ணன் பூசிய சுவர். முதல் தூறல் விழுந்ததும் அண்ணன் வாசலில் நின்று தம்பிக்குப் போன் போட்டான். தம்பி எடுக்கவில்லை.

"ஏறி மூடேண்ணா" என்றேன்.

"அது அவன் பாடுமே. நா எப்படி ஏறுறது?"

நைனாவைப் பார்த்தேன். அவர் பார்வை வானத்தில் இருந்தது. இரண்டு ஆம்பளைகள், கைக்கெட்டும் தூரத்தில் ஏணி, கண்ணெதிரே சுவர் கரைந்து வழிகிறது. வந்த கோபத்தில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தார்ப்பாயோடு நானே ஏறினேன். காற்று தார்ப்பாயைப் பிடுங்கியது. "அந்தப் பழைய வலைய எடுத்துக் குடுங்க" என்று கத்தினேன். அதை மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். ஈயக்குண்டு கோத்த வலையை மேலே விரித்ததும் தார்ப்பாய் அடங்கியது. மழை விடும்வரை அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயந்திரம் தம்பி வந்தான். சுவர் தப்பியதைப் பார்த்தான், ஆனால் அவன் வாயில் வந்தது வேறு. "யாரக் கேட்டு என் பாட்டுக்குள்ள ஏறுன?"

"எனக்குத்தான் பாடே இல்லியே. இல்லாதவளுக்கு இன்னாடா சட்டம்?"

"நைனா, இவளுக்குத் தெண்டம் போடு."

நைனா தாடையைச் சொறிந்தார். "போட முடியாதுடா. சீட்டுல பேரு இருந்தாத்தான் தெண்டம். அவ பேரு இல்லியே."

"அப்ப எழுது!"

கோபத்தில் சொல்லிவிட்டான். நைனா நிஜமாகவே பேனாவை எடுத்தார். பின்னறைச் சீட்டில் தம்பி பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினார். ஏரியிலும் ஒரு பாட்டுக்கு இரண்டு பேர் கூட்டுச் சேர்வது உண்டு. தம்பி அதை வாங்கிப் பார்த்தான். கிழித்துப் போடுவான் என்றுதான் நினைத்தேன். "நா ஷிப்டுக்குப் போனா பாத்துக்க ஒரு ஆளு வேணும்ல" என்று முணுமுணுத்தபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு, "தெண்டம் தெண்டந்தான்" என்றான்.

கோயிலுக்கு ஒரு படி எண்ணெய் என்று முடிவானது. பின்னறையில் நடுவே ஒரு தட்டி வைத்துக்கொள்வதென்றும் பேசினோம். ஜன்னல் பக்கம் எனக்கு.

மறுநாள் காலையிலேயே எண்ணெயோடு கோயிலுக்குப் போனேன். பூசாரி வாங்கிக்கொண்டு, "இன்னாத்துக்குமா?" என்றார்.

"தெண்டம்."

"பொம்பளைக்கு எவன் தெண்டம் போடுவான்?"

"எங்க வீட்ல எனக்குப் போட்டாங்க" என்றேன்.