அம்மா முதலில் சாப்பிடும் தட்டு

எங்கள் அம்மா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. "அம்மாவை நீங்கள் அனைவரும் நன்கு அறிவீர்கள்" என்று தொடங்கத்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டுப் படியேறி அவரோடு பேசியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

அம்மா பிறந்தது வேலூரில். அப்பாவைக் கைப்பிடித்து பெங்களூர் ஆஸ்டின் டவுனுக்கு வந்தார். நாடு விடுதலை பெற்ற ஆண்டில் நான் பிறந்தபோது அக்காவுக்கு மூன்று வயது. பேச்சு வரவில்லை, நடையும் சரியில்லை. பேச்சு வருமென்று யாரோ கொடுத்த மருந்தை அம்மா நம்பிச் சோற்றில் பிசைந்து ஊட்டிவிட்டார். கசப்பென்றால் அப்படியொரு கசப்பாம். அன்றிலிருந்து, அதே தட்டில் அம்மா முதல் வாய் சாப்பிட்ட பிறகுதான் அக்கா வாய் திறப்பாள். அந்த ஒரு தவற்றுக்காக அம்மா கடைசிவரை தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை.

எனக்கு ஆறு வயதில் அப்பா காலமானார். அம்மா ஊதுபத்தி உருட்டி எங்களை வளர்த்தார். அக்காவைத் தனியே விடமுடியாததால் நல்லது கெட்டது எதற்கும் போகமாட்டார். போகாதவரைக் கூப்பிடுவதையும் மெல்ல மெல்ல எல்லோரும் விட்டுவிட்டீர்கள்.

ஐம்பத்தேழில் ஃபுளு காய்ச்சல் வந்து தெருவே படுத்தது. அம்மாவும் படுத்தார். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "நீயே ஊட்டுடி. இது ஒட்டுற ஜுரம், அவ எங்கிட்ட வரக்கூடாது" என்றார். எனக்குப் பத்து வயது. நான் முதல் வாய் சாப்பிட்டுக் காட்டினேன். அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா கதவைத் திறந்தார்.

"தட்ட எடுத்துக்கினு வா."

"அவளுக்கும் ஒட்டிக்குமேம்மா?"

"ஜுரத்துக்குக் கஷாயம் இருக்குது. பட்டினிக்கு இன்னாடி இருக்குது?"

தட்டின் ஓரத்தில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். வெந்நீரில் கை கழுவி, முந்தானையால் வாயை மூடிக் கட்டிக்கொண்டு, மறு ஓரத்திலிருந்து ஊட்டினார். அக்கா தட்டைக் காலி செய்தாள். இரண்டு நாள் கழித்து அவளுக்கும் காய்ச்சல் கண்டது. "நாந்தான் குடுத்தேன், நாந்தான் குடுத்தேன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டதை நான் மட்டுமே பார்த்தேன். இதே ஊரில், அல்சூரில் இருந்த உறவினர்கள் யாரும் வரவில்லை. காய்ச்சலுக்கு முன்பும் வந்ததில்லை என்பதால் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆனால் அம்மாவின் நிம்மதி போய்விட்டது. "நான் படுத்துட்டா இவளுக்கு யாருடி?" என்பார். அதன்பின் தினமும் அம்மா ஒரு வாய், நான் ஒரு வாய், பிறகே அக்கா என்று பழக்கினார். நான் சாப்பிட்டதைப் பார்த்தே அவள் வாய் திறக்கட்டுமென்று சில நாட்கள் அம்மா வேண்டுமென்றே தாமதிப்பார். அக்காவும் காத்திருப்பாள். இருவரில் யாருக்குப் பிடிவாதம் அதிகம் என்று எனக்கு இன்றும் தெரியாது. பல ஆண்டுகள் சென்று, அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில்தான், நான் சாப்பிட்டதைப் பார்த்து அக்கா முதன்முறையாக வாய் திறந்தாள். ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். மறுநாள் காலை அவர் இல்லை.

ஃபுளு நாட்களில் பின்சுவர் மேல் தினமும் கஞ்சிச் சட்டி வைத்துப்போன பின்வீட்டு பீபியம்மாவுக்கும், ஆஸ்பத்திரியில் கடனே என்றில்லாமல் அம்மாவைக் கடைசிவரை கவனித்த நர்ஸம்மாவுக்கும், காரியத்தில் உடனிருந்த அனைவருக்கும் என் நன்றி.

காரியத்தன்று உங்களில் சிலர், "அவளை எங்கேயாவது சேர்த்துவிடு, உனக்கு வரன் பார்க்கவேண்டும்" என்றீர்கள். நல்லெண்ணம்தான். அதற்குப் பதிலை இன்று சொல்கிறேன். அக்கா என்னோடுதான் இருப்பாள். இன்றைய சாப்பாட்டில் முதல் வரிசையில் அவளை உட்காரவைத்திருக்கிறேன். அவளுக்கு ஒரு பக்கம் நான். மறுபக்கத்து இலை காலியாக இருக்கிறது. யாராவது வந்து உட்காருங்கள்.