மச்சான் வாங்கிய அடி

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், ஜப்பான் மல்யுத்த வீரர் ஒருவரிடம் நெஞ்சில் அடி வாங்கியவர். சிங்கப்பூர் தேக்காவில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காப்பி குடிக்கிற கடையில் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர் யாராவது வந்து உட்கார்ந்தால், காப்பி ஆறுவதற்குள் தெரிந்துவிடும்.

கதை இதுதான். நாங்கள் இளவட்டமாக இருந்தபோது அந்த வீரர் சிங்கப்பூருக்கு வந்து ஆடினார். எதிராளி அவரை மேடைக் கயிற்றுக்கு வெளியே தூக்கி எறிந்தான். வந்து விழுந்த இடம் மச்சானின் நாற்காலிக்கு முன்னால். எழுந்தவர் கோபத்தில் கையை விரித்து எதிரே இருந்த நெஞ்சில் ஒன்று விட்டார். அது மச்சானின் நெஞ்சு.

"அன்னிக்கு நிமிந்தவன்தான்யா. இன்னும் குனியல" என்பார். பிறகு சட்டைப் பித்தான் கழலும். அங்கே நரைமுடி தவிர ஒன்றும் இருக்காது. இருந்தாலும் எல்லோரும் பார்ப்பார்கள்.

வீரர் ஆடிய அன்று மாலை மச்சான் என்னோடுதான் இருந்தார். செம்பவாங் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில், ஒரு கப்பலின் தொட்டிக்குள், துரு சுரண்டிக்கொண்டிருந்தார். இருவரிடமும் டிக்கெட் இருந்தது. கப்பல் அவசரம் என்று போர்மேன் விடவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை.

அந்த வீரரை எங்களுக்குக் காட்டியதே ஒரு கப்பல்தான். பழுது பார்க்க வந்த ஜப்பான் கப்பலின் சமையல்காரர் போகும்போது கொஞ்சம் வீடியோ கேசட்டுகளை விட்டுப்போனார். எல்லாம் அந்த வீரருடைய ஆட்டங்கள். வர்ணனை ஜப்பான் மொழி. மச்சான் எங்களுக்குத் தமிழில் சொல்வார். "அவரோட அம்மா செத்துப்போச்சாம். அதான் கண்ணு கலங்குது" என்பார். அடுத்த கேசட்டிலும் அம்மா செத்திருப்பார்.

ஒரு ஆட்டம் ஒரு மணி நேரம் ஓடும். எதிரே மலை மாதிரி ஒரு வெள்ளைக்காரர். முதல் பாதி முழுக்க ஒருவர் காலை ஒருவர் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். நாங்கள் அப்படிப் படுத்திருந்தால் அன்றைய சம்பளம் போயிருக்கும். கடைசியில் மணி அடித்து, வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை என்பார்கள். ஜப்பான்காரர்கள் எழுந்து நின்று அழுவார்கள். மச்சானும் அழுவார்.

இன்னொன்று ரத்த ஆட்டம். நெற்றியில் கட்டுப்போட்டுக்கொண்டு வருவார். எங்கே அடிக்க வேண்டும் என்று எதிராளிக்கு எழுதிக் காட்டிய மாதிரி இருக்கும். அவனும் அங்கேயேதான் அடிப்பான்.

அவரை மல்லாக்கப் போட்டு அமுக்கினால் நடுவர் தரையில் தட்டுவார்; மூன்று தட்டினால் தோல்வி. ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டுக்குக் கை இறங்கும்போது தோளைத் தூக்குவார். தொழிலில் இருந்த காலமெல்லாம் அதே நேரத்தில் தூக்கினார். எங்கள் யார்டில் ஒருவரும் அவ்வளவு நேரம் தவறாமல் வேலைக்கு வந்ததில்லை.

பிறகு ஓய்வு பெற்றார். மணி அடித்தார்கள், மாலை போட்டார்கள். கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். மறுபடி ஓய்வு, மறுபடி மணி. நான் ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். திரும்பி வா என்று யாரும் கூப்பிடவில்லை.

போன வருடம் அவர் சிங்கப்பூர் வருகிறார் என்று மச்சானின் மகள் போனில் காட்டினாள். ஆடுவதற்கு அல்ல. ரசிகர்களைப் பார்க்க. ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில்.

காப்பிக் கடையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் உண்டு. மச்சான் கதையை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

"நல்லதாப் போச்சு லா" என்றார். "நேரா போய் கேளுங்க. ஒங்கள அடிச்சது ஞாபகம் இருக்கான்னு."

"எத்தன பேர அடிச்சிருப்பாரு. எப்படிய்யா ஞாபகம் இருக்கும்?"

"அடிச்சவருக்கு மறக்கலாம். அடியே இல்லன்னா?"

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. மனைவி போன பிறகு அவருக்கு ஆங் மோ கியோ வீட்டின் நாலு சுவர்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலிதான். பொய்யன் என்று பெயர் வந்துவிட்டால் அதில் எப்படி உட்காருவார்?

"போறேன்" என்றார்.

பஸ்காரருக்கு முட்டிவலி, வர முடியாது. என்னைச் சாட்சியாகப் போட்டார். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்கண்ணே. நீங்க பேசவே மாட்டீங்க."

எம்ஆர்டி ரயிலில் மச்சான் மெதுவாகச் சொன்னார், "மாப்ளே, திரும்பிடலாமா?"

"சாட்சி நான்தான். திரும்பிட்டோம்னு சொல்லணும்."

அவர் ஆங்கிலத்தில் எதையோ முணுமுணுக்கத் தொடங்கினார்.

மேல்மாடியில் நீண்ட வரிசை. மேசைக்குப் பின்னால் வீரர் உட்கார்ந்திருந்தார். காதுகள் பொரித்த அப்பளம் மாதிரி இருந்தன. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு சீனப் பெண். பலகையில் படம் வரைந்து போட்டிருந்தார்கள்: படம் பிடிக்க ஒரு சீட்டு, கையெழுத்துக்கு ஒரு சீட்டு, நெஞ்சில் அடிக்கு ஒரு சீட்டு. நான் பார்த்தேன். மச்சான் கண்ணாடி போட்டு வரவில்லை. அவரிடம் இருந்தது படச் சீட்டு.

எங்களுக்கு முன்னால் இருபது வயதுப் பையன் ஒருவன். வீரர் அவன் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் உன்னை மறக்கவில்லை என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். வீரர் கடைசியாக மணி அடித்து ஓய்வு பெற்றபோது அவன் பிறந்தே இருக்க மாட்டான். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மச்சான் முறை வந்தது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னார்.

"சார், ஐ பை யுவர் ஸ்லாப்."

தமிழில் நாம் அடியையும் வாங்குகிறோம், கத்தரிக்காயையும் வாங்குகிறோம். மச்சானுக்கு இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான்.

"ஓ, அங்கிள் பை ஸ்லாப்? கேன், கேன், நோ ப்ராப்ளம்" என்றாள் அந்தப் பெண். கத்தரிக்காய் என்றே எடுத்துக்கொண்டாள்.

"யெஸ், யெஸ்" என்றார் மச்சான். தன் கதை புரிந்துவிட்டது என்று அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

அந்தப் பெண் ஜப்பான் மொழியில் சொன்னாள். வீரர் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். மச்சான் கைகூப்பினார். வீரர் அந்தக் கைகளை மரியாதையாகப் பிடித்து இரண்டு பக்கமும் விலக்கிவிட்டு, சட்டையின் மேல் பித்தான்களைக் கழற்றினார். மச்சான் என்னைப் பார்த்தார்.

பளார்.

கடைத்தொகுதியே திரும்பிப் பார்த்தது. மச்சான் ரெண்டடி பின்னால் வந்து என் மேல் விழுந்தார். கேசட்டில் பார்த்ததெல்லாம் நடிப்பு என்று நான் நினைத்திருந்தேன். அந்தக் கை நடிக்கவில்லை.

வீரர் குனிந்து வணங்கி ஏதோ சொன்னார். "அவர் உங்களை மறக்கவில்லை" என்றாள் அந்தப் பெண். அடுத்து நான் நின்றேன். வாயே திறக்கவில்லை. என்னையும் மறக்கவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை காப்பிக் கடையில் பித்தான் கழன்றது. ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

பஸ்காரர் குனிந்து பார்த்தார். "இது இப்ப வாங்குனதுல்ல?"

"இப்ப வாங்குனதுதான். ஆனா அதே எடம்யா! இத்தன வருஷம் கழிச்சு அதே எடத்துல போட்டாரு. ஞாபகம் இல்லாமயா?"

பஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நெசமா அவரு ஞாபகம் இருக்குன்னாரா?"

"மறக்கலைன்னு சொன்னாரு."

பஸ்காரர் மச்சானுக்கு இன்னொரு காப்பி சொன்னார்.

நீலம் சீக்கிரமே மறைந்துவிட்டது. கதைக்கு மட்டும் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. இப்போது அதில் நானும் இருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனாம். மச்சானைத் தாங்கிப் பிடித்தது நான்தானாம்.

போன வாரம் பஸ்காரர் என்னைக் கேட்டார், "அவரு ஆடுன அன்னிக்குச் சாயங்காலம் செம மழைண்ணே. நான் பஸ் ஓட்டுனேன். ஒங்களுக்கு நெனப்பு இருக்கா?"

மச்சான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரியல" என்றேன். "நாங்க உள்ள இருந்தோம்."