தோட்டத்து விலாசம்

எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நான் தமிழன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இதைப் பெருமையாக நினைத்துத் திரிந்த காலம் ஒன்று உண்டு. இரத்தினபுரியில், வேலை பார்த்துக்கொண்டே வெளியிலிருந்து படிக்கும் வெளிவாரிப் பட்டப் படிப்புக்கான ஒரு கிளை அலுவலகத்தில் நான் கிளார்க்காக இருந்த காலம் அது.

அலுவலகத்தில் என்னைப் பலாங்கொடை டவுன்காரன் என்று நினைத்திருந்தார்கள், நானும் திருத்தவில்லை. நான் பிறந்தது டவுனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். என் பைலில் இருந்த விலாசமோ டவுனில் ஒரு துணிக்கடையுடையது. பொய் விலாசம் என்று சொல்ல முடியாது. லயத்துக்குக் கடிதம் வராது, தோட்ட ஆபிஸுக்குத்தான் வரும். அங்கே அது யார் கண்ணிலாவது படும்வரை கிடக்கும். அதனால்தான் நான் உயர்தரப் பரீட்சை எழுதியபோது, தீபாவளித் துணி எடுக்கும் கடைக்காரரிடம் கேட்டு அப்பா அந்த விலாசத்தைப் போடவைத்தார். என் வேலைக் கடிதமும் அந்தக் கடைக்குத்தான் வந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்களில், பட்டப் படிப்பையே மாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. நம் பட்டத்தை அயல்நாடுகளும் சமமாக ஏற்க வேண்டுமானால் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டுமாம். வருடாந்தப் பரீட்சை போய் செமஸ்டரும் கிரெடிட்டும் வர வேண்டுமாம். நல்ல காரியம்தான், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பழைய முறையில் படித்துக்கொண்டிருந்தவர்கள் மாற்றத்துக்குச் சம்மதித்துப் படிவம் அனுப்ப வேண்டும். குறித்த திகதிக்குள் வராவிட்டால் சித்தியடைந்த பாடங்கள் எல்லாம் போய்விடும், முதலாம் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எத்தனை நாள் கொடுப்பது என்று கூடிப் பேசினோம். கடிதம் இரண்டு நாளில் போய்விடும், மூன்று கிழமை, இருபத்தொரு நாள், தாராளம் என்றார் அதிகாரி. பிறகு, "மொகத கியன்னே?" என்று என் அபிப்பிராயத்தையும் கேட்டார். விலாசப் பட்டியல் என் கையில்தான் இருந்தது. அதில் தோட்டத்துப் பெயர்கள் கண்ணில் பட்டன. மூன்று கிழமை போதாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே.

"ஹரி, சேர்" என்று சிங்களத்திலேயே சம்மதித்தேன். கடிதங்களை நானே தபாலில் சேர்த்தேன்.

திகதி முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு டீச்சர் வந்தார். கலவானைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிப்பவர். பொலித்தீன் பையிலிருந்து கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஐயா, இது நேத்துத்தாங்க கைக்கு வந்திச்சு. ஆபிஸ்ல பைலுக்கு அடியில கெடந்திருக்கு. கூட்டப் போன அக்கா பாத்து எடுத்தாந்தாங்க."

"தேதி முடிஞ்சிருச்சு டீச்சர்."

"ரெண்டு வருசம் பாஸ் பண்ணிட்டேங்க. இன்னும் ஒண்ணுதான். பட்டம் இருந்தாத்தான் வேலைய நெரந்தரமாக்குவோம்னு சொல்லியிருக்காங்க."

அதிகாரி பக்கத்து அறையில்தான் இருந்தார். கல்நெஞ்சுக்காரர் அல்ல. விஷயத்தை விளக்கியிருந்தால் இளகியிருக்கக்கூடும். ஆனால் நாள் குறித்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டிருப்பார். சட்டம் இப்படித்தான், என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

டீச்சர் அழவில்லை. "ஐயாவுக்கு எந்தப் பக்கங்க?" என்று கேட்டார்.

"பலாங்கொடை டவுன்."

"அப்ப ஒங்களுக்கு எங்க தோட்டத்துக் கூத்து தெரியாதுங்க" என்று சொல்லி, தோட்டத்தில் கடிதம் எப்படி வரும், எங்கே கிடக்கும் என்று எனக்கு விளக்கத் தொடங்கினார். சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். நானும் புதிதாகக் கேட்பவன்போல் தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

மூன்று நான்கு வருடம் கழித்து அவர் மறுபடி வந்தார். தன்னிடம் படித்த மூன்று பெண்பிள்ளைகளைப் புதிய முறையில் பதியக் கூட்டி வந்திருந்தார். நீங்களும் பதியவில்லையா என்று கேட்டேன்.

"இனி மொதல்ல இருந்து படிக்கத் தெம்பில்லீங்க. இவங்களாவது படிக்கட்டும்."

விண்ணப்பங்களைப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே விலாசம், கலவானை டவுனில் ஒரு ரொட்டிக்கடை.

"கடைக்கார முதலாளிகிட்ட கேட்டு வாங்கினோங்க" என்றார் டீச்சர், முகமெல்லாம் சிரிப்பாக. "இனிமே கடிதாசி தவறாது. இத எங்களுக்கு யாரும் சொல்லித் தரலீங்க ஐயா, நாங்களாவே கண்டுபிடிச்சதுங்க."

"நல்ல யோசனை டீச்சர்" என்றேன் நான்.