கேட்டதும் வந்த இடுப்பு வலி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் நத்தத்துத் தோப்பில் புளி உலுக்க ஏறியபோது மரத்திலிருந்து விழுந்தேன். முறிந்த எலும்பு கூடிய பிறகும் இடுப்பு வலி இரண்டு வருஷமாகப் போகவில்லை. குனிந்தால் ஒடிந்துவிடும் என்று விறைப்பாகவே நடந்தேன். மரம் ஏறும் பிழைப்பே போய்விடுமோ என்ற கவலை வேறு.

ஒருநாள் முற்றத்தில் புளி காயும்போது மழை வந்துவிட்டது. நானும் குனிந்து குனிந்து அள்ளி வீட்டுக்குள் சேர்த்தேன். கடைசிக் கூடையை இறக்கியதும் என் மனைவி, "ஏங்க, இடுப்பு வலிக்கலையா?" என்றாள். உடனே சுரீரென்றது.

"நீ கேட்டதாலதான் வலிக்குது!"

"அம்புட்டு நேரமும் அது எங்க போயிருந்துச்சு, சந்தைக்கா?"

வலி பொய்யில்லை, அதற்குத் தீனி போட்டது என் பயம். அன்றிலிருந்து அவள் விசாரிக்கவில்லை. நானும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனியப் பழகினேன். அடுத்த பருவத்தில் நான் மரம் ஏறியபோது, எங்கே வாய் தவறி வலியைப் பற்றிக் கேட்டுவிடுவோமோ என்று கீழே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.