ஆன்ட்ரூஸ் போர்த்திக்கொண்ட ஃபிளக்ஸ்

கடியப்பட்டணம் ஆன்ட்ரூஸ் பைக்கில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு மலையோர ஊர்களுக்குப் போய் விற்கிறவன். கார்த்திகை பிறந்துவிட்டால் குலசேகரம் தாண்டியதும் ரப்பர் தோட்டங்களின் குளிர் எலும்பைத் தொடும். கடற்கரை உடம்புக்கு அது ஆகாது. ஆனாலும் ஆன்ட்ரூஸ் அதற்கு அசருகிற ஆளில்லை. சட்டைக்குள் நெஞ்சோடு செய்தித்தாள், காலுக்கு ஜவுளிக்கடைக் கவர், காதைச் சுற்றித் துவர்த்துத் துண்டு, அதன்மேல் ஹெல்மெட். "காத்து நெஞ்சில கேறப்பிடாது மக்கா, பின்ன குளிரு என்ன செய்யும்?" என்று மீன் வாங்குகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பான். வாங்காதவர்களுக்கும் எடுப்பான்.

அன்று விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்துப் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. அவனுடைய பழைய மழைக்கோட்டு முதுகோடு கிழிந்தது. செய்தித்தாள் கூழானது. பல் தந்தியடித்தது. குலசேகரம் தாண்டி ஒரு முக்கில் வண்டியை நிறுத்தினான். கரண்டு போஸ்டில் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் ஒன்று கட்டியிருந்தது. நம் ஊரில் முக்குக்கு முக்கு யாராவது ஒருவர் செத்துச் சிரித்துக்கொண்டிருப்பார். யாரென்று யார் பார்க்கிறார்கள்? இருட்டு வேறு. ஆள் நடமாட்டம் இல்லை என்பதை மட்டும் ஆன்ட்ரூஸ் பார்த்தான். மீன்கத்தியால் கயிற்றை அறுத்தான். அச்சடித்த பக்கம் வழவழப்பு, தண்ணீர் நிற்காது என்று அதை வெளியே வைத்துப் போர்த்தி, அந்தக் கயிற்றாலேயே நெஞ்சில் முடிச்சுப் போட்டான்.

ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டான். விடிந்த பிறகு, டீக்கடையில் நின்றவர்கள் அவன் கடந்ததும் பேச்சை நிறுத்தியதைக் கண்ணாடியில் கண்டான். ஒருவர் தலைத்துண்டைக்கூட எடுத்தார். தன் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா சொன்னதா?

வாடிக்கைக்காரி முத்துக்கனி வீட்டு வாசலில் ஹாரன் அடித்தான். போன மாதம் அவளுடைய ஒரே மகன் வினோஜ் காய்ச்சலில் போய்விட்டான். துக்க வீட்டில் மீன் ஏறாது என்பதால் ஆன்ட்ரூஸ் அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தாமல் இருந்தான். பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்தது என்று கேள்விப்பட்டு இன்றுதான் நிறுத்தினான்.

"அக்கா, நல்ல சாளை இருக்கு."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறக்கத் திரும்பினான். முதுகில் ஏதோ மெதுவாக ஊர்ந்தது. முத்துக்கனி முந்தானையால் ஃபிளக்ஸில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்க மோனே," என்றாள். "எப்பிடி நனைஞ்சிருக்கான் பாரு."

பூமி பிளந்திருந்தால் ஆன்ட்ரூஸ் மீன்பெட்டியோடு உள்ளே போயிருப்பான். திரும்பி அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இது எங்கலே கெடந்துது?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு. "காத்துல அறுந்து ரோட்டுல கெடந்துதுக்கா. வண்டி ஏறிப்பிடாதேண்ணு எடுத்தேன்." கத்தி பட்ட கயிற்று நுனிகளைக் கைக்குள் பொத்திக்கொண்டான்.

"நீயாவது எடுத்தியே மக்கா. ஆளுவ சவுட்டிட்டுப் போயிருப்பாவ."

அவன் முடிச்சை அவிழ்த்ததும் அவள் ஃபிளக்ஸைச் சுருட்டாமல், மடிக்காமல், இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே கொண்டுபோனாள். அந்த நேரத்தில் வண்டியை எடுத்து ஓடியிருக்கலாம். மீன்பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றான். திரும்பி வந்தவள் கையில் நீல நிற ரைடிங் கோட்டு இருந்தது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது.

"அவனுக்கது. ரெண்டு மழைகூடக் கொண்டதில்ல. போடு."

"வேண்டாங்கா. நான் போயிருவேன்."

"எனக்க பிள்ளைய வீட்டுல கொண்டு சேத்தவன் நனைஞ்சிட்டா போவது?"

அவளே கையைப் பிடித்து மாட்டிவிட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். சிறு பையனைப் போல ஆன்ட்ரூஸ் நின்றுகொடுத்தான். மீன் விற்ற நினைவு அப்புறம் அவனுக்கு இல்லை. பேச்சிப்பாறை ரோட்டில் மழை வலுத்தது. கோட்டுக்குள் ஒரு துளி நுழையவில்லை. உடம்பு கதகதவென்று இருந்தது. கொஞ்சம் நனைந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.